மடிக்கச் சொன்ன பக்கம்

போன வாரம் நீங்கள் மூன்று பேரும் கோச்சடைக்கு என் வீடு தேடி வந்து, ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டீர்கள். தேர்வில் எது வரும், எது வராது என்று முன்கூட்டியே கணிப்பது எப்படி? அன்று நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. எதிர்வீட்டில் சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து ஐந்தாவது தடவையாகக் கரண்ட் போயிருந்தது. நீங்கள் வாங்கி வந்த வடையில் உப்பு கூடுதல். இவையெல்லாம் காரணங்கள்தான். ஆனால் உண்மையான காரணம் வேறு. அந்தக் கேள்விக்கு மதுரையில் என்னைவிட நன்றாகப் பதில் சொல்ல ஆள் இல்லை என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தைப் பற்றிப் பேசினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது. எழுதினால் அவ்வளவு ஏறுவதில்லை. ஆகவே எழுதித் தருகிறேன்.

எழுபதுகளின் பிற்பாதி. மேலமாசி வீதிக்குப் பக்கத்தில் ஒரு சந்து. கீழே பாத்திரக் கடை, மேலே எங்கள் டுடோரியல். இருபத்து மூன்று படிகள். பதினேழாவது படி உடைந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது அதில் தடுக்கியிருக்கிறார்கள். வகுப்பு நடக்கும்போது கீழே அண்டாவைத் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். அந்த ஓசைக்கு நடுவேதான் நாங்கள் ஆங்கிலம் நடத்தினோம். இப்போது நினைத்தால் அந்த அண்டாச் சத்தம்கூட வேண்டும்போல இருக்கிறது.

எங்களிடம் வந்தவர்கள் எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறியவர்கள். பெரும்பாலும் ஆங்கிலம் ஒன்றில் மட்டும். மில்லில் ஷிப்ட் முடித்துப் பஞ்சு ஒட்டிய தலையோடு வருவார்கள். ஜவுளிக் கடையில் துணி மடிக்கிறவர்கள், மேலூர்ப் பக்கம் உழுதுவிட்டு பஸ் ஏறி வருகிறவர்கள், கல்யாணம் ஆன பெண்கள். என்னைவிட வயதில் மூத்தவர்கள்கூட என்னை ‘சார்’ என்றார்கள். வாழ்க்கையில் எல்லாவற்றையும் சமாளித்தவர்கள், முப்பத்தைந்து மார்க்குக்கு மட்டும் பயந்தார்கள்.

என்னுடைய பெருமை ஒரு நீள நோட்டு. பதினோரு வருடம், வருடத்துக்கு இரண்டு என்று இருபத்திரண்டு வினாத்தாள்களைப் பிரித்து, எந்த ஃப்ரேசல் வெர்ப் எந்த வருடம் வந்தது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தேன். கிவ் அப் எத்தனை தடவை, புட் ஆஃப் எத்தனை தடவை, லுக் ஆஃப்டர் எத்தனை தடவை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் கடைசி வகுப்பு. அதில் எது வராது என்று நான் பட்டியல் படிப்பேன். நான் படிக்கப் படிக்க, எல்லோரும் தங்கள் நோட்டில் அந்தப் பக்கத்தை உள்பக்கமாகப் பாதியாக மடிக்க வேண்டும். மடித்த பக்கத்தைத் தேர்வு முடிகிறவரை பிரிக்கக் கூடாது. பாரம் குறையும், படிக்க வேண்டியது நிற்கும் என்பது என் வாதம். நாற்பது பேர் ஒரே நேரத்தில் தாளை மடிக்கும் சரசரப்பு இருக்கிறதே, அதைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

எங்கள் டுடோரியல் முதல்வருக்கு அது இன்னும் பிடிக்கும். சுவரொட்டியில் என் பட்டியலைப் பற்றித்தான் முதல் வரி.

அந்த ஜூலையில் சேர்ந்த நாற்பத்தொரு பேரில் ஒருவர் பாண்டியம்மாள். இருபத்தாறு வயது. மேலூரைத் தாண்டி ஒரு கிராமம். கணவர் ஒரு அரசு அலுவலகத்தில் டிரைவராக இருந்து, காய்ச்சலில் இறந்துபோனார். இறந்தவர் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை தருவதாக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர் என்றால் கிளார்க் வேலை. பாண்டியம்மாளுக்கு ஆங்கிலம் மட்டும் பாக்கி. கணவரின் தம்பி ஏற்கனவே தேறியவர்.

சேர்ந்த அன்றே பாண்டியம்மாள் என்னிடம் நிலவரத்தைச் சொல்லிவிட்டார். அக்டோபரில் தேறினால் வேலை அவருக்கு. தேறாவிட்டால் ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று கொழுந்தனுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மாமனார் வைத்த கெடு. அலுவலகம் ஜூன் வரைக்கும் காத்திருக்கத் தயார். மாமனார் தயாரில்லை. இதையெல்லாம் பாண்டியம்மாள் குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

மேக் அப் நடத்திய நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஏழு பொருள் அதற்கு. தெரிந்ததிலிருந்து தொடங்குவது என் வழக்கம். அதனால் முதலில் முகப்பூச்சு, நாடகக்காரர்களின் ஒப்பனை. உடனே பின் பெஞ்சிலிருந்து மில் தொழிலாளி ஒருவர், “சார், எங்க மாமா மகளுக்கு இந்த ஒண்ணு போதும், மத்த ஆறும் எதுக்கு?” என்றார். வகுப்பே சிரித்தது. பிறகு வரிசையாகப் போனேன். பதினோரு பேர் சேர்ந்து ஒரு அணி ஆகிறதே, அந்த ஆவது: கான்ஸ்டிட்யூட். இல்லாததை இட்டுக்கட்டுவது: இன்வென்ட், ஃபேப்ரிகேட், கன்காக்ட். சண்டை போட்டவர்கள் மறுபடி சேர்வது: ரீகன்சைல். விட்ட பாடத்தை, இழந்த நேரத்தை ஈடுகட்டுவது: காம்பன்சேட். டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் கம்பவுண்டர் கலந்து கொடுப்பது: பிரிப்பேர். கடைசியாக, மைண்ட் என்ற சொல்லோடு சேர்ந்தால், தீர்மானிப்பது: டிசைட்.

நாற்பத்தொரு பேரில் நாற்பது பேர் சிரித்ததை நான் கவனித்தேன். பாண்டியம்மாள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணத் தெரிந்த எனக்கு அதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை. அடுத்த வாரத் தேர்வில் மேக் அப்புக்கு ஏழு பொருளையும் எழுதி, ஐந்துக்கு ஐந்து வாங்கியவர் அவர் ஒருவர்தான். அது என் மார்க் நோட்டில் இருந்தது.

செப்டம்பர் கடைசியில் மடிக்கும் நாள் வந்தது. மேக் அப் போன மார்ச்சில் வந்திருந்தது. என் இருபத்திரண்டு தாள்களில் ஒரு ஃப்ரேசல் வெர்ப் அடுத்தடுத்த இரண்டு தேர்வுகளில் ஒருமுறைகூட வந்ததில்லை. “மேக் அப், மடி” என்றேன்.

பாண்டியம்மாள் எழுந்தார். “சார், இது எனக்கு நல்லா வருது. மடிக்கணுமா?”

“வராததை எதுக்கும்மா சுமக்கிறே? மடி.”

மடித்தார்.

அக்டோபரில் வந்தது. ஐந்து மார்க். மேக் அப்பை ஐந்து வெவ்வேறு பொருளில் வாக்கியத்தில் அமைக்கச் சொல்லி, கேள்வி நடுத்தாளில் உட்கார்ந்திருந்தது. தேர்வு மையத்தின் வாசலில் டீக்கடையில் நின்று, முதலில் வெளியே வந்தவரிடம் தாளை வாங்கிப் பார்த்தபோது எனக்குக் கையில் டீ இருந்ததே மறந்துபோனது. வேட்டியில் கொட்டிய பிறகுதான் தெரிந்தது. பின் பெஞ்சு மில் தொழிலாளி என்னைத் தேடி வந்து, கோபப்படாமல் சொன்னார்: “மாமா மக ஒண்ண மட்டும் எழுதிட்டு வந்தேன் சார்.”

பாண்டியம்மாள் கடைசியாக வந்தார். தாளைப் பார்த்ததும் முதலில் தப்பான தாளைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். சார் மடிக்கச் சொன்னது எப்படி வரும்? பிறகு யோசித்தால் ஏழில் ஒன்றுகூட வரிசையாக நிற்கவில்லை. அதைத் துரத்திக்கொண்டிருந்ததில் கட்டுரைக்கு நேரம் போதவில்லை. இதையும் பஸ் நேரம்போலத்தான் சொன்னார்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் இருபத்து மூன்று படி ஏறி வந்தார். மார்க் பட்டியல் கையில். முப்பத்திரண்டு. இரவல் வாங்கியிருந்த இலக்கணப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். திங்கட்கிழமை மேலூருக்குப் போய்க் கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னார். “உங்க மேல ஒண்ணும் இல்ல சார். வாரேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினார். பதினேழாவது படியை மட்டும் தாண்டிக் கால் வைத்ததை மேலே நின்று பார்த்தேன்.

நான் முதல்வர் அறைக்குப் போனேன். நாளைக்குப் பாண்டியம்மாள் ஊருக்குப் போய் மாமனார் பெரியவரிடம் பேசப் போவதாகச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. ஏழெட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிற மனிதர். “தவறுனவக இருபது பேரு. அம்புட்டுப் பேரு வீட்டுக்கும் போவீங்களா? நம்ம லிஸ்ட் பொய்த்துப்போச்சுன்னு நீங்களே ஊர் ஊராப் போய்ச் சொன்னா, ஜனவரி பேட்ச்சுக்கு இந்தப் படி ஏற ஆள் இருக்குமா?” என்றார். கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியே வந்துவிட்டது என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போகலாம், எல்லா டுடோரியலும் அதைத்தான் சொல்கிறது என்றார்.

அந்த ஒரு வரி எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் உட்கார்ந்து ஒத்தக்கடை வரைக்கும் அந்த வரியைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். யானைமலை தாண்டியதும் அறுப்புக்கு நிற்கிற வயல்கள். நடுவில் எங்கோ அந்த வரி தொண்டையில் நிற்க மறுத்துவிட்டது. மேலூரில் இறங்கி வேறு பஸ் மாறினேன். இறங்கி நடந்ததை எண்ணவில்லை. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் நடந்த தூரம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பெரியவர் களத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மகன் கருப்பையா கூடவே நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். அவன்தான் அந்தக் கொழுந்தன். நான் யார் என்று சொன்னதும் நாற்காலி எடுத்து வரச் சொன்னார்கள். மோர் வந்தது. பாண்டியம்மாள் வீட்டு நிலைக்கு உள்ளே, பாதி மறைந்து நின்றார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. “உங்க மருமக தவறல. நான் தவற வச்சுட்டேன்” என்றேன். எது வராது என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வழக்கம் என்றும், கணக்கு தப்பிப்போனது என்றும், அந்தப் பெண் நன்றாகத் தெரிந்து வைத்திருந்ததை மடித்து வைக்கச் சொன்னதே நான்தான் என்றும் சொன்னேன். மூன்று மார்க் குறைவு. அந்தக் கேள்விக்கு ஐந்து மார்க். மார்ச் வரைக்கும் அவகாசம் கொடுக்க வேண்டும்.

பெரியவர் நெல்லில் ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தார். “வாத்தியாரே, வயலு காத்துக்கிட்டுக் கெடக்கும். கவருமெண்டுக் காயிதம் காத்துக்கிட்டுக் கெடக்காது. மூத்தவந்தேன் போயிட்டான். வேலையும் போச்சுன்னா இந்தக் குடும்பத்துல மூணு சீவன் எங்க போறது?” என்றார்.

ஜூன் வரை நேரம் இருப்பதாகச் சொன்னேன். அப்படித்தான் அக்டோபருக்கும் எல்லோரும் சொன்னார்கள் என்றார். நியாயமான பதில். நெல்லில் இறங்கிய ஒரு கோழியை விரட்டிவிட்டு, அவரே மறுபடி பேசினார்.

“தெரிஞ்சு வச்சிருந்துச்சுங்கிறீக. இப்பத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

“அப்பச் சொல்லச் சொல்லுங்க. எனக்கு அந்தப் பாசை தெரியாது.” மகன் பக்கம் திரும்பினார். “ஏலேய், நீ பாஸு பண்ணவந்தானே. சரியா தப்பான்னு நீ சொல்லு.”

யார் கையில் தராசைக் கொடுக்கிறார் இந்த மனிதர்? பாண்டியம்மாள் தப்பாகச் சொன்னால் வேலை போகிறது. அது போகிற இடம் கருப்பையாவின் கை. சரியாகச் சொன்னாலும், ‘தப்பு’ என்று கருப்பையா ஒரு சொல் சொன்னால் போதும். நான் மறுத்தால், வாத்தியார் தன் மாணவிக்காகப் பொய் சொல்கிறார் என்றுதான் ஆகும். கருப்பையா கிளறுகிற கட்டையைக் கீழே வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

“மேக் அப்புக்கு எத்தனை பொருளம்மா? வேகம் வேண்டாம்” என்றேன். மடியில் கையை வைத்து விரல்களைத் தயாராக விரித்துக்கொண்டேன்.

பாண்டியம்மாள் நிலையை விட்டு ஒரு அடி வெளியே வந்தார். தரையைப் பார்த்தபடி தொடங்கினார். கான்ஸ்டிட்யூட், பல பேர் சேர்ந்து ஒண்ணாகிறது. ஒரு விரலை மடக்கினேன். இன்வென்ட், ஃபேப்ரிகேட், கன்காக்ட், இட்டுக்கட்டிச் சொல்றது. இரண்டு. ரீகன்சைல். மூன்று. காம்பன்சேட். நான்கு. பிரிப்பேர், கம்பவுண்டர் மருந்து கலக்குறது. ஐந்து. இடது கை முடிந்து வலது கைக்கு வந்தேன். மைண்டோட சேந்தா டிசைட், தீர்மானம் பண்றது. ஆறு.

அதோடு நிறுத்திவிட்டார்.

நான் ஏழாவது விரலை மடக்கக் காத்திருந்தேன். இருந்ததிலேயே எளிதானது, வகுப்பில் முதலில் சொன்னது, மில் தொழிலாளிக்குக்கூட மறக்காதது. அது வரவில்லை. நெல்லுக்கு மேலே ஈக்கள் பறக்கிற சத்தம் கேட்டது. எடுத்துக் கொடுக்கலாமா என்று வாய் துடித்தது. கொடுத்தால் அது என் பதில் ஆகிவிடும். சும்மா இருந்தேன். நாற்பது வருடம் கழித்துச் சொல்கிறேன், அந்தச் சும்மா இருத்தலைப்போல ஒரு கடினமான வேலையை நான் செய்ததில்லை.

பெரியவர் மகனைப் பார்த்தார். “என்னடா?”

கருப்பையா முதலில் என் கையைப் பார்த்தான். பிறகு தன் மதினியைப் பார்த்தான். “சரியாத்தேன் இருக்குப்பா. அம்புட்டும் சரி” என்றான்.

பெரியவர் வீட்டைப் பார்த்து, “ஏத்தா, நாளைக்கு மேலூருக்குப் போகவேண்டாம். மார்ச்சு மட்டும் பாப்பம்” என்றார். என்னிடம், “இந்தத் தடவ எதையும் மடிக்கச் சொல்லாதீக வாத்தியாரே” என்றார். அவர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாரா, இல்லையா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜனவரி பேட்ச்சுக்கு நான் பட்டியல் வாசிக்கவில்லை. முதல்வர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சேர்ந்தவர்கள் இருபத்தெட்டுப் பேர்தான். முதல் பெஞ்சில் பாண்டியம்மாள். அந்த மடிப்பைப் பிரித்து நீவி வைத்திருந்தார், ஆனால் கோடு போகவில்லை. மார்ச்சில் மேக் அப் வரவில்லை. ஐம்பத்து நான்கு மார்க் வாங்கினார். ஜூன் பிறப்பதற்குள் வேலையில் சேர்ந்தார். முதல் சம்பளத்தில் வகுப்புக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். அது தினமும் நான்கு நிமிடம் வேகமாக ஓடும். எத்தனையோ தடவை திருத்தியும் கேட்கவில்லை. இப்போது என் வீட்டில்தான் தொங்குகிறது. நீங்கள் வந்த அன்று, நேரமாகிவிட்டது என்று அவசரமாக எழுந்தது அதைப் பார்த்துத்தான்.

அந்த நீள நோட்டு என்ன ஆனது என்று கேட்பீர்கள். இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். எது வந்திருக்கிறது என்று பார்க்க அது நல்ல நோட்டு. எது வராது என்று சொல்ல அதற்கு யோக்கியதை கிடையாது, எனக்கும் கிடையாது. ஆனால் இதற்காக மட்டும் இத்தனை பக்கம் எழுத உட்காரவில்லை. ஒன்றைக் கடைசிக்கு என்று வைத்திருந்தேன்.

அன்று கருப்பையாதான் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தான். வரப்பில் முன்னால் நடந்தான். எனக்கு மனது ஆறவே இல்லை. விரல் விட்டு எண்ணியது பொய்யாகாது, ஒன்று குறைகிறது. இவனுக்கு அது தெரியவில்லையா? தெரிந்தே விட்டானா? ரோட்டுக்கு வந்து புளியமரத்தடியில் நின்றோம். தூரத்தில் பஸ் தெரிந்தது.

“மேக் அப்புக்கு எத்தனை பொருள்னு உனக்குத் தெரியுமா தம்பி?” என்று கேட்டேன்.

“ஏழு சார். மதினி சாயங்காலம் சத்தம் போட்டுத்தேன் படிக்கும். எனக்கே மனப்பாடமாயிருச்சு.”

“பாண்டியம்மா ஆறுதான் சொன்னா.”

“ஆமா. எண்ணுனேன்.” அவன் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு சொன்னான். “அண்ணன் போனதுலருந்து எங்க வீட்ல கண்ணாடியே செவுத்தப் பாக்கத் திருப்பித்தேன் கெடக்கு. அப்பா முன்னாடி நின்னு, பவுடரு பூசுறது, பொட்டு வைக்கிறதுன்னு மதினி எப்பிடிச் சார் சொல்லும்? தெரியாம விடல.”

பஸ் வந்து நின்றது. நான் ஏறிக் கம்பியைப் பிடித்தேன். அவன் கீழே நின்று என் வலது கையைக் காட்டினான். களத்தில் ஏழாவதுக்காக விரித்த விரல் மட்டும் கம்பியைப் பிடிக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

“அதையும் மடக்கிக்கிருங்க சார்” என்றான். “கணக்குச் சரிதேன்.”